மண் பார்த்துப் பயிர் செய்: அமில நிலத்தில் எது வளரும்?

கேள்வி: அரூர் வட்டம் சித்தேரி மலைப் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மேட்டுக்காட்டில் சாமை குறையில்லாமல் விளைகிறது. அதே காட்டில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டையாகவும் கிளை இல்லாமலும் இருக்கிறது. கறவை மாட்டுக்காக விதைத்த குதிரை மசால் முளைத்து, மஞ்சளாகி, காய்ந்துபோனது. யூரியாவைக் கூட்டிப் போட்டும் பயனில்லை. மண்வள அட்டையில் கார அமில நிலை 5.2 என்று இருக்கிறது. இரண்டு ஏக்கருக்கும் சுண்ணாம்பு போடக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்.

பதில்: கடன் வாங்க வேண்டியதில்லை. முதலில் பயிரை மாற்றலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் திருத்தலாம்.

தர்மபுரி மாவட்ட விவசாயிகளுக்குக் களர், உவர் இரண்டும் பழகிய சொற்கள். அமில நிலம் என்பது பலருக்குப் புதிது. கார அமில நிலையில் 7 என்பது நடு. 6க்குக் கீழே போனால் அமில நிலம். ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். மலைச்சரிவில் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அதனால்தான் மலைக்காடுகளில் இந்தக் குறை வருகிறது. ஆண்டுதோறும் யூரியாவை மட்டும் போட்டு வந்தால் அமிலம் இன்னும் கூடும். அம்மோனியம் சல்பேட் அதைவிட வேகமாகக் கூட்டும்.

5.5க்குக் கீழே போகும்போது களிமண்ணுக்குள் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. அது முதலில் தாக்குவது வேர் நுனியை. நுனி கருகினால் வேர் நீளாது, கிளைக்காது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடும். போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். பயறு வகைகளின் வேரில் முடிச்சு கட்டுவதும் குறையும். வாசகியின் மக்காச்சோளத்தில் தெரிவது இதே அடையாளம்தான். இதற்கு யூரியா மருந்தாகாது.

ஆனால் எல்லாப் பயிரும் இப்படித் தோற்பதில்லை. சில பயிர்கள் வேர் நுனியிலிருந்து சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றைக் கசியவிடுகின்றன. அவை அலுமினியத்தை வேருக்கு வெளியிலேயே கட்டிப்போட்டுவிடும். தேயிலை வேறு வழியில் பிழைக்கிறது. அலுமினியத்தை உள்ளே வாங்கி, முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மரவள்ளி அமிலத்தை நன்றாகத் தாங்கும். அதன் வேரோடு கூடி வாழும் உட்பூசணம், வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

துவரையின் கதை நம் செம்மண்ணுக்கு நெருக்கமானது. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் செம்மண்ணில் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. துவரை வேர் பிசிடிக் அமிலத்தைக் கசியவிட்டு, இரும்போடு ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தை விடுவித்து எடுத்துக்கொள்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. துவரை இலை உதிர்ந்து மட்கும்போது அந்தச் சத்து அடுத்த பயிருக்கும் கிடைக்கும். கேழ்வரகிலும் சாமையிலும் துவரையைக் கலந்து விதைத்த பெரியவர்களின் வழக்கத்தில் இந்த லாபமும் இருந்திருக்கிறது.

தீவனத்துக்கும் வழி உண்டு. குதிரை மசாலும் சவுண்டலும் அமில நிலத்தில் ஈடுகொடுக்காது. அதற்குப் பதிலாக முயல் மசால் விதைக்கலாம். அதன் தாயகம் தென் அமெரிக்கா. ஏழை மண்ணிலும் அமில மண்ணிலும் வறட்சியிலும் நிற்கும். அதன் விதைத்தோல் கெட்டியானது. 80 டிகிரி சூடுள்ள நீரில் 4 நிமிடம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். ஏக்கருக்கு வரிசை விதைப்புக்கு இரண்டரை கிலோ, தூவி விதைக்க 4 கிலோ போதும். முதல் அறுவடைக்குச் சுமார் 75 நாளாகும். அதுவரை களை முந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மாட்டை விடக்கூடாது. பிரேசில், கொலம்பியா நாடுகளின் அமிலப் புல்வெளிகளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரேக்கியேரியா புல்லைப் பெருமளவில் வளர்த்து மாடு மேய்க்கிறார்கள்.

மரவள்ளி இலையைத் தீவனமாக்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. பச்சை இலையில் நஞ்சு உண்டு. நன்றாக உலர்த்திய பிறகே, அதுவும் மற்றத் தீவனத்தோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

தாங்கும் பயிர் என்றால் எருவே வேண்டாம் என்று பொருளில்லை. மரவள்ளி சாம்பல் சத்தை அதிகம் உறிஞ்சும். தொழு உரம் அலுமினியத்தின் கடுமையையும் தணிக்கும் என்பதால் அதைக் குறைக்கக் கூடாது. மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் இடலாம். அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து பயன் தரும். மற்ற நிலங்களில் அவ்வளவு பலன் இருக்காது.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, வடகிழக்கு மாநிலங்களின் அமில நிலங்களில் பின்பற்றப்படும் சிக்கன முறை இவருக்கும் உதவும். நிலம் முழுவதும் டன் கணக்கில் கொட்டாமல், ஒவ்வோர் ஆண்டும் ஹெக்டேருக்கு 2 முதல் 4 குவிண்டால் மட்டும் விதைச்சாலில் இடுவார்கள். ஏக்கருக்கு 80 முதல் 160 கிலோ. வாசகி முதலில் அரை ஏக்கரில் 40 முதல் 80 கிலோ இட்டு, பக்கத்தில் இடாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேர் நீண்டு இறங்கினால் அடுத்த ஆண்டு மிச்ச நிலத்துக்கும் செய்யலாம். நன்கு பொடித்த விவசாயச் சுண்ணாம்போ டோலமைட்டோ நல்லது. டோலமைட்டில் மக்னீசியமும் இருக்கிறது. நீற்றாத சுண்ணாம்பு கையையும் விதையையும் சுடும். யூரியா, தொழு உரம் இவற்றோடு சுண்ணாம்பைச் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: காரிமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவர், செம்மண் எல்லாமே புளித்த மண் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தக்காளி வயலுக்குப் பத்து மூட்டை சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறார். மண் பரிசோதனை செய்யவில்லை. போடலாமா?

பதில்: மூட்டையைப் பிரிக்க வேண்டாம். நிறம் பார்த்து அமிலம் சொல்ல முடியாது. சமவெளிச் செம்மண்ணில் நடுநிலையும் உண்டு, காரமும் உண்டு. சுக்கான் கல் தென்படும் நிலத்தில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. உலர்ந்த மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குவதே அதற்குச் சாட்சி. அங்கே மேலும் சுண்ணாம்பு போட்டால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் போய், இளம் இலைகள் வெளுக்கும். போட்ட சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மண் எடுக்கும் முறை எளிது. அறுவடைக்குப் பின், உரம் இடுவதற்கு முன், வயலில் 10 முதல் 15 இடங்களில் மேல் குப்பையை நீக்கி, ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குழி அருகே எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினால் போதும். மலைக்காட்டையும் கீழ் வயலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. மண் பரிசோதனை நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ வழி கேட்கலாம். அட்டை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை. உரக்கடைக்குப் போவது அதற்குப் பிறகு.