குடும்பப் பெயர் கேட்கும் கணினியும் நம் பிள்ளைகளின் பெயர்களும்



இன்றைய பதிவில் சற்றுத் தொழில்நுட்பம் கலந்திருக்கும். கட்டளை வரி என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் தொடர்புள்ள செய்தி இது.

எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் மாணவர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழையலாம். அதற்கான பெயர்ப்பட்டியல் லினக்சு இயங்கும் பழைய கணினி ஒன்றில் இருக்கிறது. ஓப்பன்எல்டாப் என்னும் கட்டற்ற மென்பொருள் அதை நடத்துகிறது. இத்தகைய கணினியை அடைவு வழங்கி என்பர். தொலைபேசிப் புத்தகம் போன்றதுதான். ஆளுக்கொரு பதிவு, பதிவுக்குள் பெயர், வகுப்பு முதலிய பண்புகள்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதன்முறையாக உள்ளே நுழைந்தாள். திரையில் வரவேற்பு வரி தோன்றியது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், இது அப்பா பேரு. என் பேரைக் காணோமே?"

அவள் கேட்டது முற்றிலும் சரி. வழங்கியை நிறுவியவர் ஒவ்வொரு பெயரையும் இரண்டாகப் பிளந்து, தந்தையின் பெயரைக் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தில் இட்டுவிட்டார். வரவேற்பு வரி அந்தக் கட்டத்திலிருந்தே பெயரை எடுத்தது. வகுப்புப் பட்டியலும் அதே கட்டத்தைக் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டதால், பிள்ளைகள் தத்தம் தந்தையர் பெயரின் அகர வரிசையில் நின்றனர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியாவில் நம் பெயர்களின் நடுவே 'ஆனாக் லெலாக்கி' என்றோ 'ஆனாக் பெரெம்புவான்' என்றோ வருவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று உறவைச் சொல்வதற்காகவே. நம் கடப்பிதழிலும் பெயருக்கு ஒரே வரிதான் உண்டு. அரசு பிளக்காத பெயரைப் பள்ளிக் கணினி ஏன் பிளக்க வேண்டும்?

கட்டத்தையே நீக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்று முதலில் எண்ணினேன். எல்டாப்மாடிஃபை என்னும் கட்டளையால் அந்தப் பண்பை அழிக்க முயன்றேன். வழங்கி மறுத்தது. பிழை எண் 65. பதிவின் வகைக்குரிய விதி மீறப்படுகிறது என்று பொருள். 'பெர்சன்', அதாவது ஆள் என்னும் வகையில் இரண்டு பண்புகள் கட்டாயம்: ஒன்று 'சி.என்.' என்னும் வழங்குபெயர்; மற்றொன்று 'எஸ்.என்.' என்னும் குடும்பப் பெயர். இவ்விதி 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்.500 என்னும் அனைத்துலக அடைவுத் தரத்தின் வழியே வந்தது. 1993-இல் அதன் எளிய வடிவாக எல்டாப் வெளிவந்தபோதும் இந்த வழக்கம் தொடர்ந்தது. குடும்பப் பெயர் இல்லாத மக்களும் உலகில் உண்டு என்பதை அந்த விதி கணக்கில் கொள்ளவில்லை.

என் கருத்து இதுதான்: வழங்கி கேட்பது வெறுமையாக இல்லாத ஒரு கட்டத்தை. அதில் எதை இடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். அங்கே பிள்ளையின் சொந்தப் பெயரை இட வேண்டும். தந்தை பெயரோடு கூடிய முழுப்பெயர் வழங்குபெயர்க் கட்டத்தில், பிறப்புப் பத்திரத்தில் உள்ளவாறே, பிளவுபடாமல் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் அந்தப் பெயர் தமிழ் எழுத்திலும் இருந்தாக வேண்டும்.

இதைச் செய்வது கடினமன்று. எல்டிஃப் என்னும் எளிய உரைக்கோப்பு போதும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2849 அதன் இலக்கணம். மலர்விழி என்னும் மாணவியின் பதிவைத் திருத்துவதாகக் கொள்வோம். முதல் வரியில் அந்தப் பதிவின் முழு முகவரி. இரண்டாம் வரியில் செய்யப்போவது மாற்றம் என்னும் அறிவிப்பு. மூன்றாம் வரியில் 'ரிப்ளேஸ்', அதாவது எஸ்.என். பண்பை மாற்றுக என்னும் ஆணை. நான்காம் வரியில் புதிய மதிப்பு. அதே பதிவில் இன்னொரு மாற்றம் வேண்டுமானால் இடையில் ஒரு சிறு கோடு மட்டும் உள்ள வரி. அடுத்த மாணவருக்குப் போகும்முன் ஒரு வெற்று வரி. நாற்பது பேருக்கும் இப்படி எழுதி, கோப்பின் பெயரைக் கட்டளையோடு கொடுத்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். புதிய மாணவரைச் சேர்க்க எல்டாப்ஆட். அது எல்டாப்மாடிஃபை கட்டளையின் இன்னொரு பெயரே.

இனி என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பண்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருக்கலாம் என்பதால், வழங்குபெயருடன் தமிழ் எழுத்தில் இன்னொன்றையும் சேர்க்க விரும்பினேன். சேர்ப்பதற்குரிய ஆணை 'ஆட்'. நானோ முந்தைய கோப்பைப் படியெடுத்தபோது 'ரிப்ளேஸ்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு வகுப்பு முழுவதற்கும் ரூமி எழுத்துப் பெயர்கள் அழிந்து தமிழ்ப் பெயர்கள் மட்டும் எஞ்சின. வழங்கி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. தரவும் வேண்டியதில்லை, நான் கேட்டதையே அது செய்தது. முதல் நாள் முழு அடைவையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்திருந்ததால் தப்பினேன்.

தமிழ்ப் பெயருக்கு இதைவிட நல்ல வழி இருப்பதைப் பின்னரே அறிந்தேன். 2004-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3866, ஒரு பண்பின் பெயரோடு மொழிக்குறியைச் சேர்க்க வழி செய்கிறது. தமிழுக்குரிய குறியைச் சேர்த்து எழுதினால் ரூமி வடிவமும் தமிழ் வடிவமும் தனித்தனிப் பெயரில், ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும். எந்த மென்பொருளுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும். 1997-இல் வந்த எல்டாப் மூன்றாம் பதிப்பு யு.டி.எஃப்-8 குறியேற்றத்தை ஏற்றதால்தான் தமிழுக்கு இந்த இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தை நாம் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ஒரு சிறு தடை உண்டு. எல்டிஃப் இலக்கணப்படி ஆங்கில எழுத்தல்லாத மதிப்பை பேஸ்64 என்னும் முறையில் மாற்றி, ஒரு முக்காற்புள்ளிக்குப் பதிலாக இரண்டு இட்டு எழுத வேண்டும். 'மலர்விழி' என்பது ஒருங்குறியில் 8 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட்டுகள், ஆக 24. பேஸ்64-இல் அது 32 எழுத்துகளாகிவிடும். வழங்கியிலிருந்து கோப்பை வெளியே எடுத்துப் பார்ப்பவர், தமிழ் சிதைந்துவிட்டது என்று அஞ்சுவார். அஞ்ச வேண்டாம், உள்ளே தமிழ் தமிழாகவே இருக்கிறது. ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்று இப்படித் தோன்றினால் மட்டும் ஐயுறுங்கள். எக்செல் அட்டவணையிலிருந்து ஒட்டும்போது பெயரின் இறுதியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடும்.

"சுட்டியால் சொடுக்கித் திருத்தும் மென்பொருள்கள் இருக்கையில் இந்தத் தட்டச்சு வேலை எதற்கு?" என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஓரிருவர் பெயரைத் திருத்த அவை போதும். ஒரு பள்ளியின் பெயர்களைத் திருத்தும்போது, என்ன மாற்றினோம் என்பதற்குச் சான்று வேண்டும். எல்டிஃப் கோப்பே அந்தச் சான்று. அதை அச்சிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், கணினி அறியாதவரும் பெயர்ப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தித் தருவார். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவருக்கும் அது வழிகாட்டும்.

இப்பணியில் இறங்குவோருக்கு நான் பட்டறிந்த சில:

முதலில் முழு அடைவையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். கட்டளையோடு 'என்' என்னும் சிறிய எழுத்துத் தெரிவைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். பிறகு ஒரே ஒரு மாணவரின் பதிவில் செய்து பாருங்கள். ஒரு பதிவுக்குள் கேட்ட மாற்றங்கள் எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. ஆனால் நாற்பது பேரில் இருபதாமவரிடம் பிழை வந்து நின்றால், முதல் பத்தொன்பது பேரின் பதிவுகள் மாறிவிட்டிருக்கும்; அதை மறந்து மீண்டும் முதலிலிருந்து ஓட்டாதீர்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள். பழைய கட்டளைகளின் பட்டியலில் அது தங்கிவிடும். மாணவரின் அடையாள அட்டை எண்ணுக்கு இந்த அடைவில் வேலையே இல்லை.

"பதிவேட்டில் பெயர் சரியாக இருக்கிறதே, கணினியில் எப்படி இருந்தால் என்ன?" என்பாரும் உளர். பதிவேட்டை நாம் பார்க்கிறோம். பிள்ளை பார்ப்பது திரையை. ஏழு எட்டு வயதில் தன் பெயரை எழுதப் பழகும் குழந்தைக்கு, தன் பள்ளியின் கணினி தன்னை வேறொருவர் பெயரால் அழைப்பது சிறிய செய்தியன்று.

திருத்தம் முடிந்த வாரத்தில் அதே மாணவி மீண்டும் அமர்ந்தாள். திரையில் அவள் பெயர் தமிழில் வந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழியின் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள் போலும். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை