இரண்டு கரிநெருப்புகள்
1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தை நாங்கள் ஐந்து பேர் தினமும் ஒரே வேனில் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனோம். நல்ல நண்பர்கள். ஞாயிறு காலை பூப்பந்து ஆடக் கூப்பிட்டார்கள். ஆலயம் போக வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டேன். ஆறு மாதம் அம்மாவிடம் 'ஓவர்டைம்' என்று பொய். யாரும் என் விசுவாசத்தைத் தடுக்கவில்லை, நானேதான் மறைத்தேன்.

பேதுரு இயேசுவை மறுதலித்தது, சேவகரோடு கரிநெருப்பில் குளிர்காய்ந்தபோது. பிறகு திபேரியாக் கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு. உடன் ஆறு சீடர்கள். அங்கேதான் மூன்று முறை தன் அன்பை அறிக்கையிட்டார்.

தம்பி தங்கைகளே, நண்பர்களை விட்டுவிடாதீர்கள். நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். ஆட்டம் சனிக்கிழமைக்கு மாறியது.