ரிம் சத்தம்

இந்த ஆண்டு என் கணக்கு: பினாங்குக்கு இரண்டு பயணம், ஒரு புதுச் சைக்கிள், விடிய விடியப் போர் கேம். (எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், அம்மா இதைப் படிப்பார்.)

போன ஞாயிறு காம்பார் கிரீன் ரிட்ஜ் வரை மிதித்தேன். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படையினர் ஜப்பானியரைத் தடுத்து நின்ற இடம். ஜப்பானியர் பலர் வந்ததும் சைக்கிளில்தான். டயர் போனால் வெறும் ரிம்மிலேயே ஓட்டுவார்களாம். அந்தக் கடகடப்பைக் கேட்டதும் எஸ்டேட்டில் விளக்கை அணைத்த கதையைப் பாட்டி சொல்வார். நான் கேமிலிருந்து தலை தூக்காமல் ‘உம்’ கொட்டுவேன்.

மார்ச்சில் பாட்டி தவறிவிட்டார். மைக் பிடித்துப் பிழைக்கும் என்னிடம் அவர் குரல் இல்லை. அத்தையின் கைப்பேசியில் ஏதோ இருக்கிறதாம். பொங்கலுக்குப் போய்க் கேட்க வேண்டும்.