சேவைன்னா சும்மா செய்யணுமா?

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போறேன்னு ஒரு பொண்ணு சொன்னா, நம்ம பக்கத்துல ரெண்டு வகை ஆளுங்க வாயைத் திறக்கறாங்க. ஒருத்தர், "கடன் வாங்கி இதைப் படிக்கறதுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்குப் போலாமே" என்பார். இன்னொருத்தர், "சேவைக்குப் படிக்கற படிப்புல காசைப் பத்திப் பேசலாமா?" என்பார். முதல் ஆளுக்காவது கணக்கு தெரியுது. ரெண்டாவது ஆள் மேலதான் எனக்குக் கோபம். விவசாயிகிட்டயும் இதே பாட்டைத்தான் பாடறாங்க, "நீங்க நாட்டோட முதுகெலும்பு"ன்னு. முதுகெலும்புக்கு எவனும் கூலி கொடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

கணக்கைப் போட்டுடுவோம். என் அண்ணன் மக இந்த வருஷம் சேரணும்னு நிக்கறா. கட்டணம், ஹாஸ்டல், களப்பணிக்கு அலையற செலவு எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷத்துக்கு மூணு லட்சம் கடன்னு வச்சுக்குங்க. வட்டி 10 சதவீதம். நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேக்கறதில்ல. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணையும் கட்ட வேணாம். ஆனா லீவு தவணைக்குத்தான், வட்டிக்குக் கிடையாது. முதல் வருஷம் வாங்கற ஒன்றரை லட்சத்துக்கு மூணு வருஷ வட்டி 45,000. அடுத்த ஒன்றரை லட்சத்துக்கு ரெண்டு வருஷ வட்டி 30,000. ஆக, கட்ட ஆரம்பிக்கற அன்னைக்கே கடன் 3,75,000. அஞ்சு வருஷத்துல அடைக்கணும்னா மாசம் சுமார் 7,970 ரூபாய். பத்து வருஷம்னா 4,960 ரூபாய்; கடைசியில கட்டி முடிக்கறப்ப ஆறு லட்சத்தைத் தொட்டிருக்கும்.

இப்ப வரவு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல சமூகப் பணியாளர் வேலைக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்துல தொகுப்பூதியம் மாசம் 18,536 ரூபாய். அதுவும் ஒப்பந்த வேலை. புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். 18,536-ஐ முப்பதால வகுத்தா நாளைக்கு 618 ரூபாய். எங்க கழனியில வரப்பு வெட்ட வர்ற ஆளுக்கு இதைவிட அதிகமாத்தான் கொடுக்கறேன், சாப்பாடும் போட்டு. அவர் கூலி அதிகம்னு சொல்லல. இவ கூலி கேவலம்னு சொல்றேன்.

அந்த 618 ரூபாய்க்கு என்ன வேலை? 1098-க்கு ஒரு போன் வந்தா, பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு நடக்கற கல்யாணத்தை நிறுத்தப் போகணும். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகள்ல ஒடிசாவுலேர்ந்து வந்த குடும்பங்களோட புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதான்னு பாக்கணும். ஆவடி ஸ்டேஷன்ல தனியா நிக்கற குழந்தையை வீடு சேர்க்கணும். ஊர்க்காரன் முறைப்பான், மாப்பிள்ளை வீட்டுக்காரன் அடிக்க வருவான்.

இதே படிப்புக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆவது பிரிவு: 500 தொழிலாளர் இருந்தா நலத்துறை அலுவலர் வைக்கணும்னு 2025 வரைக்கும் இருந்துச்சு. அதனால எம்.எஸ்.டபிள்யூ.ல மனிதவளப் பிரிவு எடுத்தா அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்ல இடம் தேடலாம். தவணை கட்டணும்னு புள்ளைங்க அந்தப் பக்கம் போறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நடக்கறது என்னன்னு பாருங்க. யாருக்கு உழைக்கணும்னு ஆசைப்பட்டுப் படிச்சாளோ அது ஒண்ணு. யாருக்கு உழைக்கப் போறான்னு பேங்க் தவணை முடிவு பண்றது வேறொண்ணு. நஷ்டம் அவளுக்கு இல்ல, சூளையில நிக்கற குழந்தைக்கு.

"சம்பளம் கம்மின்னா அந்த வேலைக்குப் போகாதே, சந்தை பாத்துக்கும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. இந்த வேலையால பலன் அடையற குழந்தை கையில காசு இருக்கா, விலை பேச? வாங்கற ஆள் ஒரே ஒரு ஆள்தான், அரசாங்கம். ஒரே ஆள் வாங்கற இடத்துல சந்தை எங்கேர்ந்து வந்துச்சு? நெல்லு கொள்முதல்ல இது நமக்கு நல்லாவே தெரியும். விலையை அவங்க போடறாங்க, மூட்டையை நாம தூக்கறோம்.

சலுகையும் இவ வீட்டு வாசல்ல வந்து நின்னுடுது. கலந்தாய்வுல பொறியியல் சேர்ற முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவளுக்குக் கிடையாது. புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் இளங்கலையோட முடிஞ்சுபோகுது. 2021-ல புயல், மழைன்னு 16.43 லட்சம் விவசாயிகளோட கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆச்சு. நியாயம்தான், விளைச்சல் போனா எப்படிக் கட்டறது? ஆனா இந்தப் பொண்ணுக்குப் புயலே அடிக்காத வருஷத்துலயும் விளைச்சல் 18,536-தான். தேர்தல் வந்தா கல்விக் கடன் பேச்சும் வருது, தேர்தலோட போயிடுது.

அமெரிக்காவுல 2007-லேயே ஒரு சட்டம் போட்டாங்க. அரசு வேலையிலோ லாப நோக்கமில்லாத அமைப்பிலோ இருந்துகிட்டு 120 தவணை கட்டினா, மிச்ச அரசுக் கடன் ரத்து. இங்க அவ்வளவு வேணாம். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில இருக்கற வரைக்கும் அந்த மாசத் தவணையை அரசே கட்டட்டும். இல்லன்னா, கட்ட முடியற அளவுக்குச் சம்பளத்தை ஏத்தட்டும்.

அதுவரைக்கும் பெத்தவங்களுக்கு என் யோசனை. சென்னையில இந்தப் படிப்பு புதுசில்ல. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-லேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கை ஆரம்பிச்சாங்க. எந்தக் கல்லூரியா இருந்தாலும், அரசு உதவி பெறும் பிரிவுல இடம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. சுயநிதிப் பிரிவு அப்புறம். பட்டாபிராம், ஆவடி பக்கம் இருக்கறவங்க ஹாஸ்டலை மறந்துட்டு ரயில் சீசன் டிக்கெட் எடுங்க. மொத்தக் கடன் ஒரு வருஷச் சம்பளத்தை, அதாவது 2,22,000 ரூபாயைத் தாண்டாம பாத்துக்குங்க.

அந்தக் கணக்குக்குள்ள அடங்குச்சுன்னா புள்ளையைத் தடுக்காதீங்க. "சேவைக்கு எதுக்குச் சம்பளம்"னு எவனாவது வீட்டுக்கு வந்து பேசினா, அவர் என்ன சம்பளம் வாங்கறார்னு முதல்ல கேளுங்க.