முறைக்கு மறுதலை யாது?

ஒரு மொழியின் செப்பம் அதன் உடன்பாட்டுச் சொற்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. மறுதலைச் சொற்களாலும் அளக்கப்படுவதாகும். 'முறைப்படுத்துதல்' என்பதைத் தமிழிற் சொல்லிவிட்டு, அதன் மறுதலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வடமொழியையும் உருதுவையும் ஆங்கிலத்தையும் நாடி நிற்கும் ஆட்சித்தமிழ் அரைத்தமிழேயாம்.

பழனிமலை மேல், கொடைக்கானல் நகரைச் சார்ந்த நாயுடுபுரத்தை எடுத்துக்கொள்க. மலைச்சரிவில் வீடு கட்டுவோன் சமவெளியில் கட்டுவோனைவிட மிகுதியான கட்டுப்பாடுகட்கு உட்பட்டவன். 2019ஆம் ஆண்டில் உயர்முறைமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி, கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் பல பூட்டிப் பொறியிடப்பட்டன. இத்தகைய செயல்களைக் குறிக்க ஆட்சித்தாள்களிலும் செய்தித்தாள்களிலும் வழங்கும் சொற்கள் எவை? 'அங்கீகாரமற்ற', 'சட்டவிரோத', 'ஆக்கிரமிப்பு', 'ரத்து', 'சீல்' என்பனவே. ஆனால், விடுபட்ட மனைகளை ஒழுங்கிற்குள் ஏற்கும் செயலுக்கோ 'வரன்முறைப்படுத்துதல்' என்னும் நற்றமிழ்ச் சொல் 2017ஆம் ஆண்டு விதிகள் வந்தபின் ஊரெல்லாம் பரவிற்று. ஏற்பதற்குத் தமிழ், மறுப்பதற்குப் பிறமொழி! இஃதென்ன முறை?

இவ்வயற்சொற்களின் பிறப்பைச் சிறிது நோக்குக. 'கிரமம்' என்னும் வடசொல்லுக்கு ஒழுங்கு என்று பொருள். அதன் முன் அகரத்தை ஒட்டி 'அக்கிரமம்' என்றனர். அதே வேரினின்று பிறந்த 'ஆக்கிரமிப்பு' பிறர் நிலத்திற் கால்வைத்தலைக் குறித்தது. அரசனில்லா நிலை 'அராஜகம்' ஆயிற்று. 'ரத்து' அரபியினின்று உருது வழியாக வந்தது. 'சீல்' ஆங்கிலம். வடமொழி முன்னொட்டால் மறுக்கும். தமிழோ அன்மை, இன்மை, மறுதலை என்னும் மூவகையையும் தன் சொல்லாலேயே பிரித்துணர்த்தும். முறையன்மை வேறு, முறையின்மை வேறு, முறைகேடு வேறு. திருக்குறளின் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. கோல் ஒன்றே, செம்மையும் கோட்டமுமே வேறுபாடு. ஒழுக்கத்திற்கு இழுக்கம் என்றும், வழாநிலைக்கு வழு என்றும் மறுதலை கண்ட மொழிக்கு 'அக்கிரமம்' எதற்கு?

இது சொல்லழகு பற்றிய வழக்கன்று. ஏழை ஒருவனின் வீடு பற்றிய வழக்கு. இசைவே பெறாமற் கட்டியவன் ஒருவன். இசைவு பெற்று, அதனை மீறி மாடி எழுப்பியவன் மற்றொருவன். பெற்ற இசைவு பின்னர் மீட்கப்பட்டும் கட்டியவன் வேறொருவன். பிறர் நிலத்தையோ பொதுநிலத்தையோ வளைத்துக்கொண்டவன் இன்னொருவன். முன் மூவரையும் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் தன் 56ஆம் பிரிவில் வெவ்வேறாகவே எண்ணுகின்றது. சட்டம் பிரித்ததைச் 'சட்டவிரோதம்' என்னும் ஒரு சொல் ஒன்றாக்கிவிடுகின்றது. அறிவிப்பைக் கையில் வாங்கும் எளியவன், தான் எக்குற்றத்திற்கு விடையிறுக்க வேண்டும் என்பதையே அறியான். இசைவின்மை, இசைவுமீறல், இசைவுநீக்கம், வல்வளைப்பு என நான்காகப் பிரித்தெழுதின் தன் நிலையைத் தானே அறிவான். தன் மறுமொழியையும் தானே எழுதுவான்.

வரன்முறைப்படுத்துதலுக்கும் தமிழிலக்கணம் அளவுகோல் தந்துள்ளது. வழுவாயினும் தக்க கரணியம் உண்டாயின் அமைத்துக்கொள்ளலாம் என்பது 'வழுவமைதி'. அன்பு மிகுதியால் ஆவினைத் தாயென உயர்திணையாற் கூறுதல் அத்தகையது. கரணியம் இல்லாதவழி வழு வழுவேயாம். மேற்கூறிய சட்டத்தின் 113-சி பிரிவும் 2007 சூலை முதல் நாள் வரை கட்டப்பட்டவற்றிற்கே விலக்களிக்க இடந்தருகின்றது. எல்லை கடந்த அமைதி அமைதியன்று. வழுவைப் பெருக்கும் வாயிலாகும். மலைச்சரிவை அரித்து எழுந்த பன்மாடி விடுதிக்கும் ஒற்றையறைக் குடிசைக்கும் ஒரே அமைதி கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

'புதுச்சொற்கள் மக்களுக்கு விளங்கா' என்பர் சிலர். 'வரன்முறை' விளங்கவில்லையா? கட்டணம் கட்டச் சென்ற உழவனும் அச்சொல்லைப் பிழையின்றிச் சொல்லுகின்றான். 'ரத்து' என்பதும் தாய்ப்பாலொடு வந்ததன்று. அலுவலக வாயிலில் கேட்டுக் கேட்டுப் பழகியதே. பழக்கம் அயற்சொல்லுக்கு ஊழியம் செய்யுமாயின் தமிழ்ச்சொல்லுக்கும் செய்யும்.

தமிழ் ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது 1956ஆம் ஆண்டில். அறுபதாண்டுகட்கு மேலாகியும் 'கூடாது' என்பதைத் தமிழில் சொல்ல அலுவலகம் கூசுகின்றது. ஆகலின் தமிழன்பர்கள் தாம் எழுதும் விண்ணப்பத்திலும் மேன்முறையீட்டிலும் இச்சொற்களை முதற்கண் ஆளுக. அறிவிப்பில் 'சட்டவிரோதம்' என்றிருப்பின், 'இசைவின்மையா, இசைவுமீறலா?' என்று வினவி எழுதுக. அவ்வினாவுக்கு விடை தரக் கடமைப்பட்ட அலுவலகம் அன்றே தமிழ் கற்கத் தொடங்கும்.