வேளாங்கண்ணி மணலும் வீட்டுக் காரும்

ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவோடு நிறைவெய்துவது வேளாங்கண்ணித் திருவிழா. மாதவரத்திலிருந்தும் சுற்றியுள்ள பங்குகளிலிருந்தும் முன்னாளில் இரயிலிலும் பேருந்திலும் திருயாத்திரை சென்ற குடும்பங்கள் பல, இன்று சொந்தக் காரிலேயே சென்று திரும்புகின்றன. பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையில் முழந்தாளிட்டு நேர்ச்சை செலுத்திய தாய்மாரும், கடலில் கால் நனைத்த பிள்ளைகளும் அப்படியே வண்டியில் ஏறிவிடுகின்றனர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, வீட்டு வாசலில் கதவைத் திறந்தால், கடற்கரையில் ஒரு பகுதி காருக்குள்ளேயே இருக்கிறது!

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் பெசன்ட் நகர் அன்னை ஆலயத்துக்குச் சென்று, எலியட்ஸ் கடற்கரையில் சிறிது நேரம் அமர்ந்து வருவர். கடல் நமக்கு அண்மையிலேயே இருக்க, மணலைத் தேடித் தெற்கே செல்வானேன் என இளையோர் வினவுவதுண்டு. காரணம் துறைமுகம். நம் கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்று வளர்ந்தது. வடக்கே, இராயப்பரின் பெயரைத் தாங்கி நிற்கும் இராயபுரம் முதலாகக் கரை அரிக்கப்பட்டது. இன்று நம் வடகரையில் பல இடங்களில் நாம் காண்பது மணலன்று, கருங்கல் தடுப்பே. இது தனியே எழுத வேண்டிய பொருள், காருக்குத் திரும்புவோம்.

மணலைக் கண்டதும் ஈரத்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்குவது பலரது வழக்கம். அது வேண்டா. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, மணலை விரிப்பின் நூலிழைகளோடு பிணைத்து வைக்கிறது. மேலும் ஈரம் சேர்த்தால் பிணைப்பு இறுகும். தேய்த்தால் மணல் உள்ளே இறங்கும். ஆகவே முதல் வேலை உலர்த்துவது. கதவுகள் நான்கையும் பின்கதவையும் திறந்து, மிதியடிகளை வெளியே எடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படவிடுங்கள். மழை நாளாயின் வாயிற்புறத்தில் மின்விசிறி வைத்தாலும் போதும். உலர்ந்த மணல் தானே உதிரும்.

பின்னர் மேலிருந்து கீழாகச் செய்தல் வேண்டும். முதலில் இருக்கைகளைக் கையால் தட்டி, தையல் மடிப்புகளிலும் இடுக்குகளிலும் உள்ள மணலைப் பெயின்ட் அடிக்கும் தூரிகை கொண்டு கீழே தள்ளுங்கள். தரைவிரிப்பைப் பெருக்கும் முன் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். அடியில் உறங்கும் மணல் மேலே துள்ளி வரும். தட்டுவதும் உறிஞ்சுவதும் மாறி மாறி நடைபெற்றால்தான் பயன் உண்டு. தூசி உறிஞ்சும் பொறி இல்லாத வீட்டில் சிறு துடைப்பமும் முறமும் போதும்; பொழுதுதான் கூடுதலாகும். இருக்கையை முன்னே தள்ளிப் பின்பகுதியையும், பின்னே தள்ளி முன்பகுதியையும் தூய்மை செய்க. இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தில் மணல் இருக்கும்போது எண்ணெய் விடலாகாது. எண்ணெயும் மணலும் கலந்தால் உப்புத்தாள் போல் தேய்க்கும். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்புடைய கம்பிகள் தென்பட்டால், அவை காற்றுப்பை அமைப்பைச் சேர்ந்தவை. அவற்றை இழுக்கவோ நனைக்கவோ வேண்டா.

எல்லாவற்றினும் நாம் வற்புறுத்த விரும்புவது இருக்கைப் பட்டியின் பூட்டை. தரையில் கிடக்கும் மணல் கண்ணுக்கு அருவருப்பு. பூட்டுக்குள் புகுந்த மணலோ உயிருக்கு ஊறு. பின்னிருக்கையில் பிள்ளைகள் அமருமிடத்தில்தான் அது மிகுதியாகச் சேர்கிறது. பட்டியைச் செருகும்போது பழைய ஓசை கேட்காவிடினும், பொத்தானை அழுத்தியும் விடுபட மறுத்தாலும் ஐயுறுங்கள். பூட்டின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி, பொறியால் உறிஞ்சுங்கள். பஞ்சர் கடைக் காற்றை அதனுள் பாய்ச்சினால் மணல் இன்னும் ஆழம் போகும். பட்டியை முழுதும் வெளியே இழுத்து, இலேசான சவர்க்கார நீரால் துடைத்து, முற்றும் உலர்ந்த பின்னரே உள்ளே செல்லவிடுங்கள். வெளுப்புத்தூள் நாரை நலிவிக்கும், கூடாது. பத்து முறை பூட்டித் திறந்தும் குறை தீராவிடில் பூட்டையே மாற்றிவிடுங்கள். 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மும்பை நெடுஞ்சாலையில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோது, அவர் பின்னிருக்கையில் பட்டி அணியாது பயணித்தார் எனக் காவல்துறை கூறிற்று. பின்னால் அமர்ந்தோருக்குப் பட்டி எதற்கு என்போர் இன்னும் நம்மிடையே உளர்.

மணல் போனபின் எஞ்சுவது உப்பு. வண்டித்தரையின் தகட்டை அரிப்பது அதுவே. பிழிந்த துணியால் விரிப்பை இருமுறை ஒற்றி எடுங்கள். இதற்கு நன்னீர் வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த வரலாறு நாம் அறிந்ததே. உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்புக்கரிக்குமாயின், குழாயில் வரும் குடிநீரையே கொள்ளுங்கள். விரிப்பின் அடியும் நனைந்திருந்தால் அதனை உயர்த்திவைத்து உலர்த்தாமல் கண்ணாடிகளை ஏற்றிவிடாதீர்கள்.

நம் வடகரையில் நடந்து வந்தோருக்கு இன்னொரு தொல்லை, தார். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்ததை மறக்கவில்லை. பாதத்தில் ஒட்டிய தாரைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வண்டியில் ஏறலாம். விரிப்பில் ஒட்டிவிட்டால் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி, எஞ்சியதைப் பாத்திரம் துலக்கும் சவர்க்காரத்தால் போக்கலாம்.

இத்தனையும் வீட்டுத் தலைவி ஒருத்தியின் பொறுப்பன்று. மணலைக் கொண்டுவந்த கால்கள் அத்தனைக்கும் இரு கைகள் உண்டு. புறப்படும் முன்பே ஒரு குடம் நல்ல நீரும், ஒரு பழைய துண்டும், சிறிது முகப்பவுடரும் வண்டியில் இருந்தால் பாதி வேலை குறையும். உலர்ந்த காலில் பவுடரைத் தூவித் துடைத்தால், ஒட்டியிருந்த மணல் கழன்று விழும்.

சேர்ந்த மணலைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். மழைக்காலத்தில் நம் தெருக்கள் படும் பாடு போதும். திருத்தலத்து மண்ணை எறிவதா எனப் பாட்டிமார் தயங்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் சொல்லுக்கும் ஒரு வழி இருக்கிறது. வாளியில் இட்டு நன்னீரால் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்து, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். டிசம்பரில் பிள்ளைகள் குடில் அமைக்கும்போது ஒட்டகங்கள் நடந்துவரும் பாதைக்கு அது சரியாக இருக்கும்.