மோட்டாருக்கு முன் புரொப்பெல்லரைப் பாருங்கள்

1940 மே மாதம் முதன்முறையாகப் பறந்த அமெரிக்கப் போர் விமானம் கோர்ஸேருக்கு இறக்கைகள் நேராக இல்லை. உடலிலிருந்து கீழே இறங்கி, பிறகு மேல்நோக்கி ஏறும். அது அழகுக்காகச் செய்ததல்ல. பிராட் அண்ட் விட்னியின் 18 சிலிண்டர் இன்ஜின் 2,000 குதிரைத்திறன் தந்தது. அவ்வளவு திறனையும் இழுவிசையாக மாற்ற 4 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் வேண்டியிருந்தது. அது தரையில் இடிக்காமலிருக்க மூக்கு உயர வேண்டும். சக்கரக் கால்களை நீட்டினாலோ விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது அவை தாங்காது. ஆகவே இறக்கையையே வளைத்து, அதன் தாழ்ந்த இடத்தில் குட்டைக் கால்களைப் பொருத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த விமானம் மணிக்கு 400 மைல் வேகத்தைத் தாண்டியது.

புரொப்பெல்லருக்காக விமானத்தின் வடிவமே மாறியது. ரேடியோவால் இயங்கும் மின்சார மாதிரிப் போர் விமானங்களைக் கட்டுவோரில் பலர் இன்று எதிர்த்திசையில் தொடங்குகிறார்கள். பெரிய எண் போட்ட மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, கையில் கிடைத்த புரொப்பெல்லரை அதில் மாட்டுகிறார்கள். கருகிய கம்பிச்சுருள்களில் பெரும்பகுதி இந்த வரிசைப் பிழையில்தான் பிறக்கிறது.

குழப்பத்துக்கு முதல் காரணம் மோட்டார்மேல் அச்சிட்டிருக்கும் 'கேவி' எண். அது பலத்தின் அளவல்ல. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை மட்டுமே சொல்கிறது. கேவி உயர்ந்தால், அதே பேட்டரியில் புரொப்பெல்லர் சிறியதாக வேண்டும். பந்தய விமானத்துக்கு அது பொருந்தும்; கோர்ஸேருக்குப் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். அசல் விமானத்தின் இறக்கை அகலம் 12.5 மீட்டர். 1.2 மீட்டர் மாதிரிக்கு அதே விகிதத்தில் புரொப்பெல்லர் 39 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குலம். இன்ஜின் மூடியின் விட்டம் மட்டுமே 13 சென்டிமீட்டருக்குமேல் வரும். அதன் முன்னால் 8 அங்குலப் புரொப்பெல்லரை மாட்டினால், இருபுறமும் மூன்று சென்டிமீட்டர் நுனிதான் வெளிக்காற்றைத் தள்ளும். மிச்சமெல்லாம் மூடியின்மேலேயே மோதும். மோட்டார் கத்தும், விமானம் ஏறாது. தரையில் இடிக்காத அளவுக்குக் குறைத்து 13 அங்குலம் வைப்பது நல்லது.

அடுத்துத் திறன். கிலோவுக்கு 220 வாட் இருந்தால் அமைதியாகப் பறக்கலாம்; போர் விமானத்துக்குரிய ஏற்றமும் சுழற்சியும் வேண்டுமென்றால் 300 வாட். இரண்டு கிலோ மாதிரிக்கு 600 வாட் ஆகிறது. நான்கு செல் லிப்போ பேட்டரி சுமையில் ஏறக்குறைய 14 வோல்ட் தரும் என்று வைத்தால் 43 ஆம்ப்பியர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 ஆம்ப்பியர், மோட்டார் 700 கேவி அளவில் இருந்தால் போதும். இதற்குமேல் வாங்குவது வீண்.

புரொப்பெல்லரில் ஓர் அங்குலம்தானே என்று நினைப்பது ஆபத்து. ஒரே சுழற்சி வேகத்தில் 12 அங்குலத்திலிருந்து 13 அங்குலத்துக்குப் போனால் 38 சதவீதம் கூடுதல் திறன் கேட்கும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது உயர்கிறது. சுழற்சி வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தேவை இரு மடங்கைத் தாண்டிவிடும். மூன்று செல்லுக்கு வாங்கிய மோட்டாரில் நான்கு செல் பேட்டரியைச் செருகி, புரொப்பெல்லரை மாற்றாமல் விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எடை விஷயத்தில் போர் விமான மாதிரிகளுக்கென்றே ஒரு சலுகை உண்டு. அசல் கோர்ஸேரின் இன்ஜின் ஒரு டன்னுக்கு மேல். விமானத்தின் காலி எடையில் ஏறக்குறைய கால்வாசி. மாதிரியில் மோட்டார் 150 கிராம்தான். கோர்ஸேர், தண்டர்போல்ட் போன்ற போர் விமானங்களின் மாதிரிகளுக்கு ஈர்ப்பு மையம் பின்னால் போய்விட, முன்னால் ஈயத்தை ஒட்டுகிறார்கள். 60 கிராம் ஈயத்துக்குப் பதிலாக 60 கிராம் கனமான, அதே கேவி கொண்ட மோட்டாரை வைத்தால் என்ன? பருமனான கம்பிச்சுருளில் மின்தடை குறைவு, சூடும் மெதுவாகத்தான் ஏறும். ஈயம் எதையும் திருப்பித் தருவதில்லை.

சூடுதான் மோட்டாரின் உண்மையான எதிரி. மின்னோட்டம் இரட்டித்தால் சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். காந்தம் வலுவிழந்தால் கேவி உயரும், இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும், இன்னும் சூடாகும். அகன்ற மூடிக்குள் காற்று நுழைய வாய் இருக்கிறது. வெளியேற வழி இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாக இருந்தால்தான் காற்று ஓடும்.

இதையெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாட் மீட்டர் என்ற சிறு கருவி பேட்டரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையில் அமர்ந்து வோல்ட், ஆம்ப்பியர், வாட் எல்லாவற்றையும் காட்டிவிடும். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரி, இறுகக் கட்டிய விமானம், புரொப்பெல்லருக்குப் பின்னால் நிற்கும் ஆள், சில விநாடி முழு வேகம். இரண்டாவது மோட்டார் வாங்குமுன் இந்த மீட்டரை வாங்குவதே அறிவு.

பராமரிப்பு பெரும்பாலும் தரையிறக்கத்திலிருந்து தொடங்குகிறது. வால் சக்கரத்தில் நிற்கும் இந்த விமானங்கள் புல்தரையில் மூக்குக் குப்புற விழுவது வழக்கம். புரொப்பெல்லரை மாற்றிவிட்டு உடனே மறுபடி பறக்கவிடுவது தவறு. முதலில் அதைக் கழற்றி, குறைந்த வேகத்தில் மோட்டாரைச் சுழற்றி ஷாஃப்ட் நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி தள்ளாடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தாமல் புதிதாகப் போட வேண்டும். கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங் போய்விட்டது, அல்லது காந்தங்களில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறது. கிளம்பும்போது மோட்டார் திக்கினால் அதன் மூன்று கம்பிகளின் இணைப்புகளையும் பாருங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளுக்குத் திருகுப் பசை ஒரு துளி; அதிர்வு அவற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

விற்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பெட்டியின்மேல் போர்க்களப் படமும் உச்ச வாட் எண்ணும் அச்சிடுகிறவர்கள், எந்தப் புரொப்பெல்லரில், எத்தனை வோல்ட்டில், எத்தனை ஆம்ப்பியர் அளந்தார்கள் என்ற அட்டவணையையும், காந்தம் தாங்கும் வெப்பத்தையும், மோட்டாரின் உள்மின்தடையையும் சேர்த்து அச்சிட வேண்டும். மோட்டாரின் பெயரிலுள்ள நான்கு இலக்கங்கள் உள்சட்டத்தின் அளவா, வெளிக்கூட்டின் அளவா என்பதைக்கூடச் சில பெட்டிகள் சொல்வதில்லை.